பட்டியல் யார் கையில்? தேடுபொறி வகைகளும் தளம் நடத்துவோரும்

மதுரையில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் சென்ற ஆண்டு ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே போனும் செய்தான். “அண்ணே, நூறு தேடுபொறியில நம்ம கடையப் பதிஞ்சு தர்றாங்களாம். எட்டாயிரம் கேக்குறாங்க. கட்டிரவா?” என்றான். கட்டாதே என்று சொல்லிவிட்டு, கூடவே வந்திருந்த பட்டியலை வரி வரியாகப் படித்தேன். அதில் ஆல்டாவிஸ்டா இருந்தது. அது 2013-இலேயே மூடப்பட்டது. யாஹூ டைரக்டரி இருந்தது. 2014 முடிவதற்குள் அதுவும் போயிற்று. டீமாஸ் இருந்தது, 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. உயிரோடு இருந்தவற்றிலும் பல, சொந்தமாக வலையைத் தேடுவதில்லை. பெரிய பொறி ஒன்றிடமிருந்து விடைகளை வாங்கித் தம் பெயரில் காட்டுகின்றன.

எட்டாயிரம் ரூபாய் தப்பியது. ஆனால் அவன் அடுத்துக் கேட்டதற்குப் போனில் நறுக்கென்று விடை சொல்ல முடியவில்லை. “அப்ப கூகுள் ஒண்ணுதானா? மத்ததெல்லாம் என்னண்ணே?” தளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி அது. பணம் கட்டிய பிறகுதான் பலரும் கேட்கிறார்கள் என்பதால், அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

தேடுபொறிகளைப் பெயரை வைத்துப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அவை காட்டும் பட்டியல் எங்கே, யார் கையில் தயாராகிறது என்று கேட்டால் வகைகள் தாமாகப் பிரிந்துவிடும். எந்தக் கதவைத் தட்டுவது, எதைக் கண்டுகொள்ளாமல் போவது என்பதும் அப்போது தெரியும்.

பொதுமக்களுக்கு வலை வந்து சேர்வதற்கு முன்பே தேடல் வந்துவிட்டது. 1990-இல் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர் ஆர்ச்சி என்ற நிரலை எழுதினார். பொதுக் கோப்புக் கிடங்குகளில் என்னென்ன கிடக்கின்றன என்று கோப்புகளின் பெயரை மட்டும் அது தொகுத்து வைத்தது. கோப்பைத் திறந்து உள்ளே பார்க்காது. வலை பெருகத் தொடங்கியதும் மனிதர்களே உட்கார்ந்து பட்டியல் எழுதினார்கள். 1994-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபிலோவும் தளங்களைத் தலைப்புவாரியாக அடுக்கியதில் பிறந்ததுதான் யாஹூ. ஒரு தளத்தைச் சேர்க்கலாமா, சேர்த்தால் எந்தத் தலைப்பின் கீழ் என்பதை ஓர் ஆள் பார்த்து முடிவு செய்தார். பிற்காலத்தில் வணிகத் தளங்களிடம் அதற்கு ஆண்டுக்கு 299 டாலர் வாங்கினார்கள். 1998-இல் தொடங்கிய டீமாஸ் இதே வேலையைத் தன்னார்வலர்களைக் கொண்டு இலவசமாகச் செய்தது.

இந்த வகைக்கு அடைவு என்று பெயர். நூலின் முன்பக்கத்தில் வரும் பொருளடக்கம் போன்றது அது. நூல் ஆயிரம் பக்கமாக இருக்கும்வரை பொருளடக்கம் போதும். நாள்தோறும் பத்தாயிரம் பக்கம் வளரும் நூலுக்கு யார் பொருளடக்கம் எழுதுவது? அதனால்தான் அவை ஓய்ந்தன. ஆனால் அடைவு என்ற எண்ணம் சாகவில்லை என்பது என் கருத்து. தளங்களின் அடைவு போய், கடைகளின் அடைவாக அது மறுபிறவி எடுத்திருக்கிறது. 1996-இல் தொலைபேசி எண்களைச் சொல்லும் சேவையாக மும்பையில் தொடங்கிய ஜஸ்ட்டயல், அதே ஆண்டு தொடங்கிய இந்தியாமார்ட், கூகுள் வரைபடத்தில் தெரியும் கடைக் குறிப்பு ஆகிய எல்லாமே இந்த இனம்தான். இங்கே எந்திரம் தானாக வந்து உங்களைக் கண்டுபிடிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. கடையின் பெயர், தெரு, திறக்கும் நேரம், போன் எண் ஆகியவற்றை உரிமையாளரே எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். என் தம்பியின் கடை ஓரிடத்தில் “டெக்ஸ்” என்றும் இன்னோரிடத்தில் “ஜவுளி” என்றும் இருந்தது. ஒன்றில் பழைய போன் எண். இரண்டும் ஒரே கடை என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதைச் சரிசெய்ய ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. உள்ளூர் வாடிக்கையாளரை நம்பி நடக்கும் கடைக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடையாது.

இனி, நாம் தேடுபொறி என்றதும் நினைக்கும் பெரிய வகைக்கு வருகிறேன். நூலின் பின்பக்கத்தில் வரும் சொல்லடைவு போன்றது இது. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களைப் புரட்டியவர்களுக்குப் பின்னால் வரும் அரும்பத அகராதியின் அருமை தெரியும். சொல்லைப் பிடித்தால் போதும், அது வரும் இடத்துக்கே போய்விடலாம். வலை முழுவதற்கும் அப்படியோர் அகராதியை எந்திரம் எழுதினால் எப்படி இருக்கும்? “சுங்குடி” என்ற சொல்லின் கீழ் அது வரும் பக்கங்களின் எண்கள். “பச்சை” என்பதன் கீழ் வேறு எண்கள். ஒருவர் “பச்சைச் சுங்குடி” என்று தேடும்போது பொறி அந்த நொடியில் வலைக்குள் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே எழுதிவைத்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து, பொதுவான எண்களை எடுத்துத் தருகிறது. இது புரிந்துவிட்டால் பாதிப் புதிர் தீர்ந்துவிடும். அகராதியில் ஏறாத பக்கம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தேடுபவருக்கு அது இல்லாத பக்கம்தான்.

இந்த அகராதிக்குச் சொல் சேர்க்கப் பக்கம் பக்கமாக இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வரும் நிரலைக் கிராலர் என்றும் பாட் என்றும் சொல்கிறோம். பக்கத்தின் எல்லாச் சொற்களையும் சேர்த்துத் தேடவிட்ட முதல் பொறியாக, 1994 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் உருவாக்கிய வெப்கிராலரைச் சொல்வார்கள். 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தபோது அதன் வேகம் அன்றைக்குப் பெரிய வியப்பு. ஆனால் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், ஒரே சொல்லை நூறு முறை எழுதியவன் முதலில் வந்து நிற்பான். அப்படித்தான் நடந்தது. 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேறொன்றை முன்வைத்தார்கள். ஒரு பக்கத்தைப் பற்றி மற்றப் பக்கங்கள் என்ன சொல்கின்றன, எத்தனை இணைப்புகள் அதை நோக்கி வருகின்றன, இணைப்புக் கொடுப்பவரின் மதிப்பு என்ன என்று கணக்குப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். கூகுள் அதில்தான் எழுந்தது. இன்றைய வரிசை முறையில் வேறு பல கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் தெரிந்தவர் நாலு பேர் நல்லது சொன்னால் மதிப்பு என்ற அடிப்படை மாறவில்லை.

“என் தளம் கூகுள்ல வரல” என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, மூன்றில் எது நடக்கவில்லை என்பதைத்தான். கிராலர் வரவே இல்லையா? வந்தும் அகராதியில் சேர்க்கவில்லையா? சேர்த்தும் பின்வரிசையில் தள்ளிவிட்டதா? வயிற்றுவலி, தலைவலி இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதுபோல, மூன்றுக்கும் சேர்த்து ஒரே வைத்தியம் விற்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு.

என் தம்பியின் தளம் நான்கு மாதம் எங்கும் தெரியாமல் கிடந்தது. தளத்தைக் கட்டிக் கொடுத்தவர், வேலை நடக்கும்போது யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று, பாட்கள் வந்ததும் முதலில் படிக்கும் ரோபோட்ஸ் கோப்பில் இரண்டு வரி எழுதியிருந்தார். “எல்லாப் பாட்களும்” என்று முதல் வரி. “அனுமதி இல்லை” என்ற கட்டளையும் அதற்குப் பின் ஒற்றைச் சாய்கோடும் அடுத்த வரி. அந்தச் சாய்கோட்டுக்கு “முழுத் தளமும்” என்று பொருள். வேலை முடிந்தபின் அதை நீக்க மறந்துவிட்டார். நான்கு மாதம் ஒவ்வொரு பாட்டும் வாசல்வரை வந்து, பலகையைப் படித்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போயிருக்கிறது. சர்வரின் பதிவேட்டில் அந்த வருகைகள் வரிசையாக இருந்தன. நள்ளிரவுக்குப் பின் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை, எல்லாமே அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் கேட்டுப் போனவை. அந்தத் தடை வரியை அழித்தோம். சில நாளில் முகப்புப் பக்கம் அகராதியில் ஏறியது.

அந்த வாசல் பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. கட்டுப்பாடில்லாமல் வரும் பாட்கள் சர்வர்களைத் திணறடித்த காலத்தில், 1994-இல், மார்ட்டைன் கோஸ்டர் என்ற டச்சுக்காரர் இந்த ஏற்பாட்டை முன்மொழிந்தார். 28 ஆண்டுகள் அது வெறும் நாகரிகமாகவே பின்பற்றப்பட்டு, 2022 செப்டம்பரில்தான் முறையான இணையத் தரமானது. இன்றும் அது பூட்டு இல்லை, பலகைதான். நல்ல பாட் மதிக்கும், கெட்டது மதிக்காது. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ரோபோட்ஸ் கோப்பு வருகையைத்தான் தடுக்கும். வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் முகவரி மட்டும் தேடலில் தெரிந்துவிடலாம். ஒரு பக்கம் பட்டியலிலேயே வரக் கூடாது என்றால், பக்கத்துக்குள் “நோஇன்டெக்ஸ்” குறிப்பை வைத்து, கிராலரை உள்ளே விட வேண்டும். தடுத்தும் வைத்து, குறிப்பும் வைத்தால், குறிப்பை அது படிக்கப் போவதே இல்லை.

வாசலைத் திறந்த பிறகு வரைபடம் கொடுப்பது நல்லது. சைட்மேப் என்னும் கோப்பு முறையைக் கூகுள் 2005-இல் கொண்டுவந்தது; அடுத்த ஆண்டே யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றன. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை அடங்கும் என்பதால் நம் ஊர்க் கடைக்கு ஒரு கோப்பே தாராளம். மெட்டா கீவேர்டு குறிப்பில் திறவுச்சொற்களை அடுக்கும் பழக்கத்தை இன்னமும் சிலர் சேவையாக விற்கிறார்கள். அந்தக் குறிப்பை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. “முதலிடம் உறுதி” என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

உலகம் முழுவதற்கும் சொந்தமாக ஊர்ந்து சொந்த அகராதி எழுதும் பொறிகள் எத்தனை? கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு ஆகியவை பெரியவை. கொரியாவின் நேவர், செக் நாட்டின் செஸ்னம் போன்றவை தம் நாட்டு மொழியில் வலுவானவை. பிரேவ், பிரிட்டனின் மோஜீக் போன்றவை சிறியவை என்றாலும் சொந்தக் காலில் நிற்பவை. இதற்கு ஆகும் செலவு அப்படி. செலவு மட்டும் காரணமும் இல்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். போன்களிலும் உலாவிகளிலும் தானே முதல் தேர்வாக இருப்பதற்காக 2021-இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு. தேடுபவர் எந்தப் பெட்டியில் தட்டுகிறார் என்பதுகூட விலைக்கு வாங்கப்பட்ட பழக்கம் என்பதைத் தளம் நடத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றப் பெயர்கள்? அங்கேதான் இரவல் வகை வருகிறது. 2008-இல் தொடங்கிய டக்டக்கோவின் வழக்கமான இணைப்புகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை. யாஹூ தேடலும் 2009-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பிங்கைச் சார்ந்தே இருக்கிறது. ஸ்டார்ட்பேஜ் கூகுளின் விடைகளை, தேடுபவரின் அடையாளத்தை மறைத்துத் தருகிறது. மரம் நடுவதற்காக அறியப்பட்ட ஜெர்மனியின் இகோசியாவும் பிரான்சின் குவான்ட்டும் நீண்ட காலம் இரவலில் ஓடியவை. இரண்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென ஒரு சொந்த அகராதி உருவாக்கப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்தன. இரவல் வாழ்க்கையின் ஆபத்து அவர்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் பிங் தன் தேடல் விடைகளைச் சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த சேவையை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இரவலிலேயே இன்னோர் உட்பிரிவு, பல பொறிகளிடம் ஒரே நேரத்தில் கேட்டு விடைகளைக் கலந்து தரும் பொறிகள். 1995-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த மெட்டாகிராலர், அடுத்த ஆண்டு வந்த டாக்பைல், இப்போது ஆர்வலர்கள் தாமே நிறுவிக்கொள்ளும் சியர்எக்ஸ்என்ஜி ஆகியவை இந்தக் குடும்பம். இவற்றுக்காகத் தனியாகச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

ஆகவே தம்பிக்குச் சொன்னேன்: கூகுளின் சர்ச் கன்சோலில் ஒரு கணக்கு, பிங்கின் வெப்மாஸ்டர் கருவியில் ஒரு கணக்கு. இரண்டும் இலவசம். கூகுளில் உறுதிப்படுத்திய தளத்தைப் பிங்குக்குள் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். பிங்கை நம் ஊரில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கதவைத் திறந்தால் அதன் பின்னால் வரிசையாக நிற்கும் இரவல் பொறிகளும் திறந்துவிடுகின்றன என்பதால் அது தவறு. புதிய பக்கம் போட்டவுடன் பொறிகளுக்குச் சேதி சொல்லும் இன்டெக்ஸ்நவ் என்ற முறையையும் பிங்கும் யாண்டெக்ஸும் 2021-இல் தொடங்கின; கூகுள் அதில் சேரவில்லை. எட்டாயிரம் ரூபாய்க்கு விற்க வந்த நூறு பதிவுகளில் உருப்படியானது இந்த இரண்டு கணக்குகளுக்குள் முடிந்துவிட்டது. கொரியாவுக்கு நூல் ஏற்றுமதி செய்பவருக்கு நேவரும், ரஷ்யாவில் மருந்து விற்பவருக்கு யாண்டெக்ஸும் தேவைப்படும். சுங்குடிக் கடைக்கு வேண்டாம்.

காசு கொடுத்து இடம்பிடிக்கும் தேடலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ என்ற பொறி, ஒவ்வொரு சொல்லையும் ஏலம் விட்டது; சொடுக்குக்கு இவ்வளவு என்று அதிகம் கொடுத்தவர் மேலே. கூகுள் 2000 அக்டோபரில் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. விளம்பரம் எது, இயல்பான விடை எது என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2002-இல் பொறிகளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் விளம்பரம் போடுவதில் தவறில்லை. ஆனால் விளம்பரத்துக்குக் கொடுத்த காசு இயல்பான வரிசையில் ஓர் இடம்கூட உயர்த்தாது. காசு நின்ற அன்றே அந்த இடமும் போய்விடும்.

ஒரே துறைக்குள் தேடும் பொறிகளோ நிதானமாகப் பார்க்க வேண்டியவை. யூடியூபில் தேடுபவர், அமேசானில் தேடுபவர், படங்களில் தேடுபவர், ஆய்வுக் கட்டுரைக்காக 2004-இல் தொடங்கிய கூகுள் ஸ்காலரில் தேடுபவர் ஆகிய ஒவ்வொருவரும் வேறு மனநிலையில் வருகிறார்கள். பொறியும் வேறு எதையோ படிக்கிறது. சேலையை வாங்குபவர் முதலில் படத்தைத்தான் பார்ப்பார். ஆனால் தம்பியின் தளத்தில் படங்களின் பெயர்கள் காமிரா கொடுத்த எண்களாகவே இருந்தன. படத்துக்கு மாற்றுரை என்று ஓர் இடம் உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரைபடிக்கும் கருவி வாசித்துக் காட்டுவது அதைத்தான். அங்கே “அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, வெள்ளைப் புள்ளிகள், மெல்லிய சரிகைக் கரை” என்று எழுதினால் பார்வையற்றவருக்கும் புரியும், படத் தேடலுக்கும் புரியும். விலை, இருப்பு, திறக்கும் நேரம் போன்றவற்றை எந்திரம் ஐயமின்றிப் படிக்க, 2011-இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா என்ற பொதுச் சொற்றொகுதியை உருவாக்கின. போட்டியாளர்கள் ஒன்றுகூடிச் செய்த அரிய நல்ல காரியங்களில் ஒன்று அது.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கென்று தனியாகச் சில சேதிகள் உண்டு. இவற்றைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு காலத்தில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்துருவில் இருந்தன. பாமினி எழுத்துருவில் “தமிழ்” என்று திரையில் தெரிவதற்குப் பின்னால் கணினியில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். மனிதக் கண்ணுக்குத் தமிழ். கிராலருக்கு ஏதோ பொருளற்ற ஆங்கிலச் சொல். பல ஆண்டுகள் எழுதப்பட்ட கட்டுரைகளும் செய்திகளும் இப்படித் தேடலுக்கு வெளியே போயின. ஒருங்குறி பரவிய பிறகுதான், 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்ற பிறகுதான், நிலைமை சீரடைந்தது. ஆனால் அதே தவறு வேறு உருவில் இன்றும் நடக்கிறது. நாளிதழ் விளம்பரத்துக்குச் செய்த போஸ்டரை அப்படியே படமாகத் தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். விலை, சலுகை, முகவரி எல்லாம் படத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். தமிழில் சொல்ல வேண்டியதை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது, ஒரே போலத் தெரியும் சொற்கள். “ஸ்ரீ” என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகக் கோக்க முடியும். வழக்கமான “ஸ” வைத்து ஒரு விதம். ஒருங்குறியில் 2005-இல் சேர்ந்த “ஶ” வைத்து இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தேடுபவர் தட்டியது ஒன்று, பக்கத்தில் இருப்பது மற்றொன்று என்றால், சிறிய பொறிகளும் உங்கள் தளத்துக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டியும் “இல்லை” என்று சொல்லிவிடலாம். பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், பொறிகள் படிக்கும். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். “கோயில்” என்ற ஒரு சொல் 54 எழுத்தாகி நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இணைப்பைப் பார்த்தே பயந்து சொடுக்காதவர்கள் உண்டு. முகவரி ஆங்கில எழுத்தில், உள்ளடக்கமும் தலைப்பும் தமிழில் என்பது என் பழக்கம்.

நம் மொழியின் இயல்பும் தேடலோடு மல்லுக்கட்டும். வீடு என்பது “வீட்டில்” ஆகும்; மரம் “மரத்தில்” ஆகும். பெரிய பொறிகள் இந்த உறவை ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டன. தளத்துக்குள் இருக்கும் சாதாரணத் தேடல் பெட்டி கற்கவில்லை. வேர்ட்பிரஸ் தளங்களோடு வரும் தேடல், தட்டிய எழுத்துத் தொடர் பக்கத்தில் அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. “சேலை” என்று தட்டினால் “சேலைகள்” கிடைக்கும், ஏனென்றால் அதற்குள் இது அப்படியே இருக்கிறது. “வீடு” என்று தட்டினால் “வீட்டில்” கிடைக்காது. உள் தேடல் பெட்டியும் ஒரு தேடுபொறிதான், அதுவும் உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரே தேடுபொறி. அதில் வெறுங்கையோடு திரும்பியவர்கள் எதைத் தட்டினார்கள் என்று மாதம் ஒரு முறை பாருங்கள். தம்பியின் தளத்தில் “சுங்கடி” என்று தட்டியவர்கள் இருந்தார்கள். “புடவை” என்று தட்டியவர்களும் இருந்தார்கள். தளம் முழுக்க “சேலை” என்றே எழுதியிருந்தோம். சென்னைக்காரர்களுக்குச் சேலை புடவை என்பது மதுரைக்காரனுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியாக வந்த வகை, பட்டியலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு விடையைத் தானே எழுதித் தருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 பிப்ரவரியில் பிங் தன் தேடலோடு உரையாடலைச் சேர்த்தது. 2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் ஏஐ ஓவர்வியூ என்ற சுருக்க விடையைப் பட்டியலுக்கு மேலே வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் சாட்ஜிபிடியிலும் தேடல் வந்தது. இந்தப் பொறிகளும் வெறும் காற்றிலிருந்து விடை எழுதுவதில்லை; எங்கோ ஓர் அகராதியில் தேடி, சில பக்கங்களை எடுத்து, படித்துச் சுருக்குகின்றன. ஆகவே பழைய வேலைகள் எதுவும் வீணாகவில்லை. வாசல் திறந்திருக்க வேண்டும், எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. விடையை அங்கேயே படித்துவிட்டவர் நம் தளத்துக்கு ஏன் வர வேண்டும்? சேலை விற்பவருக்கு இது பெரிய இழப்பில்லை. விடையில் கடைப் பெயர் வந்தால் வாங்க வந்துதான் ஆக வேண்டும். எழுத்தையே விற்கும் சிற்றிதழ்க்காரருக்கும் சமையல் குறிப்பு எழுதுபவருக்கும் இது வயிற்றுப்பாடு. இரு தரப்புக்கும் ஒரே அறிவுரை சொல்வது நியாயமில்லை. ஒரே நிறுவனத்திலிருந்தே வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு பாட்கள் வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் அவரவர் முடிவெடுக்கலாம். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடிபாட் மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் படிக்கிறது. ஓஏஐ-சர்ச்பாட் தேடல் விடையில் இணைப்புக் காட்டப் படிக்கிறது. ரோபோட்ஸ் கோப்பில் முதலாவதைத் தடுத்து இரண்டாவதை விடலாம். கூகுளில் கூகுள்-எக்ஸ்டெண்டெட் என்ற பெயரைத் தடுத்தால் ஜெமினி மாதிரிகளின் பயிற்சிக்கு எழுத்து போகாது. தேடல் வரிசையும் பாதிக்காது. ஆனால் ஏஐ ஓவர்வியூ தேடலின் அங்கம் என்பதால் இந்தத் தடை அதற்குப் பொருந்தாது. சுருக்கத்தில் எழுத்தை எடுக்க வேண்டாம் என்று “நோஸ்னிப்பெட்” குறிப்பு வைத்தால், சாதாரணத் தேடலிலும் தளத்தின் கீழே வரும் இரண்டு வரி விளக்கம் போய்விடும். தளம் நடத்துபவர் கையில் இருக்கும் முக்கியமான பிடி இவ்வளவுதான். இது போதாது என்றே நினைக்கிறேன். எழுதுபவருக்கு இன்னும் நுணுக்கமான தேர்வு வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

தம்பியின் சர்ச் கன்சோலைச் சென்ற மாதம் இருவரும் சேர்ந்து திறந்தோம். 16 மாதத் தேடல்கள் வரை அதில் பார்க்கலாம். மேலே கடைப் பெயர், அதற்கடுத்துச் சேலைப் பெயர்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் “சுங்குடி சாயம் போகுமா”, “முதல் தடவை எப்படி அலசுவது” என்று பல வடிவில் ஒரே கேள்வி. தமிழ் எழுத்தில் சிலர், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர்கள் பலர். தளத்தில் அதற்கு விடையே இல்லை. கடையில் யாராவது கேட்டால் சித்தி கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்: கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் தனியாக நனை, சோப்பு வேண்டாம், நிழலில் போடு.

“அம்மா சொல்றத அப்படியே எழுதிரலாமாண்ணே?” என்றான். அன்று இரவு கடை சாத்திய பிறகு சித்தி சொல்லச் சொல்ல அவன் போனில் தட்டினான். “சேலை” வந்த இடத்திலெல்லாம் ஒரு முறையாவது “புடவை” என்றும் சேர்த்துக்கொண்டான்.